கசிவின் வாயில்

மண்டபத்தில் நம் மைத்துனரின் விசைப்படகில் நீர் ஏறிக்கொண்டிருந்தது. நீர் தேங்கிய நடுப்பகுதியில் பலகை இடுக்குகளைப் பஞ்சால் அடைத்தார்கள். மறுநாள் மீண்டும் நீர்! ஐந்து உயிர்களைச் சுமக்கும் படகாயிற்றே என நாம் கலங்கினோம்.

முதிய ஓடாவி ஒருவர் வந்தார். உளியைத் தொடவில்லை. தேங்கிய நீரில் விரல் நனைத்து நாவில் வைத்தார். “உப்பு, மழைத் தண்ணீரன்று” என்றார். அடித்தளத்தை இறைத்து, துடைத்து உலர்த்தி, சுண்ணப்பொடி தூவச் சொன்னார். சிறிது நேரத்தில் வெண்மையின் மேல் ஈரக்கோடு ஒன்று ஊர்ந்தது. அதன் வழியே பின்னோக்கிச் சென்றால், பின்புறத்தில் விசிறித்தண்டு கடலுக்குள் வெளியேறும் குழாய்! அதனுள் சுற்றிய எண்ணெய்க் கயிறு தேய்ந்திருந்தது.

படகைக் கரையேற்றிப் புதுக்கயிறு சுற்றினார். மிகையாக இறுக்கவில்லை. “தண்டு சுழலும்போது சொட்டலாம், அது சூட்டைத் தணிக்கும். நின்றபின் சொட்டலாகாது” என்றார்.

அரபிச் சொல்லின் ஈற்றில் மாணவர் பிழை செய்தால், ஈற்றையே அடித்துத் திருத்தி வந்தோம் நாம். பிழை நுழைந்ததோ, அதற்கு முன்நின்ற சொல்லை அவர் அறியாமையால். முப்பதாண்டுகள் நாமும் தேங்கிய இடத்தில்தான் பஞ்சடைத்தோம் போலும்.