வலது பிரேக்

நவம்பர் 7, 2024

கால் அடிபட்டதிலிருந்து கிழமை மறந்துபோகிறது. எழுதி வைத்தாலாவது ஒரு நாளை இன்னொரு நாளிலிருந்து பிரித்துப் பார்க்கலாம்.

தேயிலை ஸ்டோர் மாடிப்படி ஈரத்தில் சறுக்கியதில் எலும்பு முறியவில்லை. வலது முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம், சின்ன எலும்பின் தலையைச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு தோலுக்கு அடியிலேயே போகிறதாம். நசுங்கியது அதுதான். பாதத்தைக் கீழே அழுத்த முடிகிறது, மேலே தூக்க முடியவில்லை. நடந்தால் விரல்கள் தரையில் இடறுகின்றன. ஏணியில் ஏறி இறங்குவதே பிழைப்பாக இருக்கிற எலக்ட்ரீசியனுக்கு இது நல்ல சேதி இல்லை.

மகன் தோஹாவுக்குப் போகும்போது கம்பியூட்டரையும் விமானம் ஓட்டும் சாமான்களையும் விட்டுப் போனான். நேற்று போனில், “காலுக்கு வேலை குடுக்கச் சொன்னாங்கல்ல அப்பா, அந்தப் பெடல்ல வச்சு ஓட்டிப் பாருங்க” என்றான். கொழும்பில் யாரிடமோ பழசாக வாங்கியது. இரண்டு பெடல், ஒன்றைத் தள்ளினால் மற்றது பின்னால் வரும், அது சுக்கான். பெடலின் மேல்பகுதியை விரல்நுனியால் அழுத்தினால் அந்தப் பக்கச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக். நிஜ செஸ்னா 172-லும் இப்படித்தான். சுக்கான் பெடல் முன்சக்கரத்தைப் பக்கத்துக்குச் சுமார் 10 பாகை திருப்பும். ஒரு பக்கப் பிரேக்கையும் சேர்த்தால் 30 வரை போகும்.

திரையில் ரத்மலானை விமான நிலையத்தில் விமானத்தை நிறுத்தி எஞ்சினை முடுக்கினேன். நகரவில்லை. இரண்டு பிரேக்கும் பாதி அழுத்தியபடி காட்டுகிறது. பெடலை ஒருமுறை அசைக்கும் வரை கம்பியூட்டருக்கு அது எங்கே நிற்கிறது என்று தெரியாது, நடுவில் என்று எடுத்துக்கொள்ளும் என்றான் மகன். இரண்டையும் முழுதாக அழுத்தி விட்டேன். விமானம் புறப்பட்டது. புறப்பட்டு, நேராக வலதுபக்கப் புல்லுக்குள் போனது.

நவம்பர் 9

மறுபடி புல்.

நவம்பர் 12

மகன் ஒரு சின்ன புரோகிராம் அனுப்பினான். பிரேக் எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்று 0 முதல் 127 வரை எண்ணாகக் காட்டும். ஓட்ட உட்கார்ந்தால் இடது 0 அல்லது 1. வலது 24, சில நேரம் 27. அதனால்தான் வலப்பக்கம் இழுக்கிறது.

பெடலைப் பிரித்தேன். உள்ளே ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒரு பொட்டென்ஷியோமீட்டர், பழைய ரேடியோவில் சத்தம் கூட்டும் குமிழுக்குள் இருப்பது போன்றதுதான். கரித்தடத்தின் மேல் ஒரு தொடுகம்பி ஓடும். தடம் தேய்ந்தாலோ தூசி அடைந்தாலோ எண் துள்ளும். கொன்டாக்ட் கிளீனர் அடித்து, நூறு தரம் திருப்பி, மீட்டர் வைத்தேன். ஒரு துள்ளல் இல்லை, வழவழவென்று ஏறி இறங்குகிறது. மேசைக்கு அடியில் படுத்தபடி கத்தினேன், “என்ன காட்டுது?” மனைவி மேலிருந்து, “முட்டைங்க, வெறும் முட்டை” என்றாள். எழுந்து உட்கார்ந்து கால் வைத்தால் 25.

விண்டோஸில் கலிப்ரேஷனும் புதிதாகச் செய்தாயிற்று. அதற்குத் தேவை ஒன்றே: பெடல் விட்டிருக்கும்போது வரும் கடைசி எண்ணும், முழுதாக அழுத்தும்போது வரும் கடைசி எண்ணும். அந்த இரண்டுக்கும் நடுவில் மற்றதை அதுவே பங்கு போட்டுக்கொள்ளும். இரண்டையும் சரியாகத்தான் பிடித்திருக்கிறது.

லோட் கொடுத்தால் மட்டும் வரும் கோளாறு. வாட்டுத் தொட்டி ஃபேன் மோட்டாரில் இதே பாடு பட்டிருக்கிறேன். சும்மா ஓடும்போது குற்றம் சொல்ல முடியாது, கொழுந்து பரப்பியதும் முனகும்.

நவம்பர் 14

பாராளுமன்றத் தேர்தல். வாக்குச்சாவடிக்கு ஆட்டோவில் போய், மனைவியின் தோளைப் பிடித்து ஏறினேன். வரிசையில் நின்றவர்கள் வழி விட்டார்கள். விடாமலே இருந்திருக்கலாம்.

நவம்பர் 19

விமான விளையாட்டில் மைக்ரோசொஃப்டின் புதுப் பதிப்பு இன்று வெளிவந்திருக்கிறதாம். நம் கம்பியூட்டர் அதைத் தாங்காது. பழைய எக்ஸ்-பிளேனே போதும்.

நவம்பர் 23

மூன்று நாளாக மழை. டன்சினன் அருவியின் சத்தம் ரோட்டிலேயே கேட்கிறது என்கிறார்கள்.

வலது பிரேக்கில் ஸ்பிரிங் தளர்ந்திருக்க வேண்டும். அதுதான் முடிவு. டப்பாவில் கிடந்த ஒரு இழுவை ஸ்பிரிங்கைப் பெடலுக்குப் பின்னால் மாட்டினேன். கால் வைத்தேன். 3. ரத்மலானையில் மஞ்சள் கோட்டின் மேல் ஒரு அங்குலம் விலகாமல் ஓட்டிப்போய் ஓடுபாதையில் நிறுத்தினேன். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “பறக்காதா இது?” என்றாள்.

டிசம்பர் 4

இன்றோடு ஐம்பது வருஷம்.

அத்தைக்கு அப்போது இருபது வயது. நோர்ட்டன் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்தெடுத்தவர். ராத்திரி பத்து மணிக்கு மேல், மலை உடைந்து விழுகிறது என்று லயத்தில் எல்லோரும் வெளியே ஓடினார்களாம். ஏழு கன்னி மலையில் விமானம் மோதியிருந்தது. 1974 டிசம்பர் 4, மார்ட்டின் ஏர் டி.சி-8. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஜித்தாவுக்கு ஹஜ் பயணிகளை ஏற்றிக்கொண்டு, நடுவில் கட்டுநாயக்கவில் இறங்க வந்தது. பயணிகள் 182, பணியாளர் 9. ஒருவரும் மிஞ்சவில்லை. இலங்கையில் இன்றுவரை அதைவிடப் பெரிய விமான விபத்து நடக்கவில்லை.

விமானத்தில் கோளாறு எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. டொப்ளர் கருவியும் மழை பார்க்கும் ரேடாரும் காட்டியதை வைத்துத் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று விமானிகள் கணக்குப் போட்டார்கள். கட்டுநாயக்கவை நெருங்கிவிட்டதாக நம்பி இறக்கினார்கள். உண்மையில் இன்னும் சுமார் 40 கடல்மைல் பாக்கி. நடுவில் மலைநாடு.

அந்த இடத்தைச் சிமுலேட்டரில் தேடிப் போனேன். கிழக்கிலிருந்து பகலில் வந்தால் எல்லாம் தெரிகிறது: சிகரங்கள், மவுசாக்கலை, காசல்ரீ நீர்த்தேக்கங்கள். இருட்டாக்கிப் பார்த்தேன். மலை இருக்கும் இடத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் கறுப்பு. உயரத்தைக் குறைக்கக் கை வரவில்லை. நிறுத்திவிட்டு எழுந்தேன்.

அத்தை கேட்டார், “அந்தப் பக்கம் போனியா தம்பி? கோயில் தெரிஞ்சிச்சா?” இல்லை என்றேன்.

டிசம்பர் 9

தலவாக்கலையிலிருந்து அக்கா மகன் வந்திருந்தான். பெடலைக் கண்டதும் செருப்பைக் கழற்றி உட்கார்ந்துவிட்டான்.

“மாமா, வலது பிரேக் கல்லு மாதிரி இருக்கு. எதுக்கு இவ்ளோ டைட்டு?”

ஸ்பிரிங் தளர்ந்திருந்தது என்றேன். அவன் சும்மா இருப்பவன் இல்லை. கழற்றிவிட்டுக் காலை வைத்தான். 0. அழுத்தி விட்டான். 0. குதிகாலைத் தரையில் ஊன்றிக்கொண்டு பாட்டை முணுமுணுத்தபடி ரத்மலானை முழுக்கச் சுற்றி வந்தான். ஓரிடத்திலும் இழுக்கவில்லை.

வெறுங்காலோடு ஓட்டினான், அதனால் இருக்கலாம். பிள்ளை எடை குறைந்தவன்.

சாப்பிட்டுக் கிளம்பும்போது ஸ்பிரிங்கை அவனே மாட்டிவிட்டுப் போனான். நான் சொல்லவில்லை.

டிசம்பர் 10

தூக்கம் இல்லை.

டிசம்பர் 13

கார்த்திகை விளக்கு. வாசற்படியில் ஏழெட்டு. குனிந்து ஏற்றினேன், எழும்புவதற்கு மகளைக் கூப்பிட வேண்டியிருந்தது.

டிசம்பர் 20

கிளினிக். பிசியோ பிள்ளை பாதத்துக்கு அடியில் கையை வைத்து, “தூக்குங்க அங்கிள்” என்றது. தூக்கினேன் என்றுதான் நினைத்தேன். அது அசையவில்லை என்பது அந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது. பிறகு பெருவிரலில் சின்னதாக ஒரு அசைவு. அதற்குச் சந்தோஷப்பட்டது.

அறுந்த நரம்பு வளர்ந்து வருவதென்றால் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டராம். எனக்கு அறுந்திருக்காது, நசுங்கல்தான் என்று நினைக்கிறார்கள். அப்படியென்றால் சீக்கிரம் வரலாம். எப்போது என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. நடக்கும்போது பாதத்தைத் தாங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் பட்டையைத் தொடர்ந்து போடச் சொன்னது.

வீட்டில் என்ன பயிற்சி என்று கேட்டது. பெடல் விஷயத்தைச் சொன்னேன், ஸ்பிரிங்கையும் சேர்த்து. கொஞ்சம் யோசித்து, “நல்ல ஸ்பிரிங் அங்கிள். இந்தப் பட்டை செய்ற வேலையத்தான் அதுவும் செய்யுது” என்றது. பிறகு என் கிளினிக் அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தில் இரண்டு கட்டம் போட்டது: திகதி, எண். “ஸ்பிரிங் இல்லாம எவ்ளோ வருதுன்னு இதுல எழுதிட்டு வாங்க. இங்க எங்ககிட்ட அப்பிடி அளக்கிற சாமான் கெடையாது.”

மகனிடம் சொன்னேன். ஆரம்ப முப்பது எண்ணைக் கணக்கில் எடுக்காமல் விடச் செய்யலாம், எக்ஸ்-பிளேனில் பிரேக்கின் கேர்வை மாற்றினால் போதும், புல்லுக்குள் போகாது என்றான். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டான். லைன் வெட்டிவிட்டது.

டிசம்பர் 21

ஸ்பிரிங்கைக் கழற்றினேன். 23.

டிசம்பர் 24

23. இடது சுக்கானைக் கொஞ்சம் கொடுத்தபடி ஓட்டினால் கோட்டில் நிறுத்தலாம். விமானம் பக்கவாட்டில் நடப்பது மாதிரி போகிறது. போகட்டும்.

டிசம்பர் 27

மழை, குளிர். 26. குளிரென்றால் பொட்டென்ஷியோமீட்டரிலும் கொஞ்சம் வித்தியாசம் வரலாம்.

மத்தியானம் போர்வை சுற்றி, கால் சூடேறிய பிறகு, 21.

டிசம்பர் 29

இன்று காலை 20, மாலை 22. இரண்டையும் அட்டையில் எழுதியாயிற்று.

ஸ்டோரிலிருந்து ஆள் வந்தது. ஜனவரி 2, வியாழக்கிழமை வேலைக்கு வரச் சொல்கிறார்கள். முதல் வேலை மேல்மாடி ஃபேன் லைன். அதற்கு ஏணி வேண்டும்.