தூண் இருந்த தொப்பி

இராணுவத் தொப்பிச் சின்னம் எண்டால் எங்கட ஆக்களுக்கு முதல்ல ஞாபகம் வாறது சோதனைச்சாவடிதான். அதனால இந்தியாவின் மகார் ரெஜிமெண்டின் பழைய சின்னத்தில ஒரு சனம் ஏன் இவ்வளவு பிடிப்போட இருக்கினம் எண்டு விளங்க எனக்குக் கொஞ்சக் காலம் எடுத்தது.

1941இல் பெல்காமில் அந்தப் படை தொடங்கியபோது தொப்பியில் இருந்தது கோரேகான் தூண். 1818 ஜனவரி 1 அன்று பூனாவுக்கு அருகே பேஷ்வாவின் பெரும்படையை எதிர்த்து நின்று செத்த தன் சிப்பாய்களுக்குக் கிழக்கிந்தியக் கம்பனி எழுப்பியது. அதில் 'நாக்' என்று முடியும் பெயர்கள் மகார்களுடையவை. தீட்டு எண்டு ஒதுக்கப்பட்டவையின்ர பெயர் கல்லில்!

வெள்ளைக்காரன் நன்றி பார்த்தானோ? இல்லை. 1890களில் 'போர்ச் சாதி' கதை சொல்லி மகார்களைச் சேர்ப்பதையே நிறுத்தினான். முதலாம் உலகப்போருக்கு ஆள் தேவைப்பட்டபோது 111ஆம் மகார் படை. போர் முடிந்து கொஞ்சத்தில் அதையும் கலைத்தாச்சு. சுபேதார் ராம்ஜியின் மகன் அம்பேத்கர் 1927 ஜனவரி 1இல் அந்தத் தூணடிக்குப் போனார். மகார்களுக்குப் படையில் மீண்டும் இடம் கேட்டு வாதாடியவரும் அவர்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகு சின்னத்தில் தூண் இல்லை. குறுக்கிட்ட இரண்டு விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கிகள், தூணுக்குப் பதில் ஒரு குத்துவாள். கம்பனியின் வெற்றியைச் சுதந்திர நாட்டுப் படை தலையில் சுமக்கேலாது, சரி. ஆனா துப்பாக்கி எந்தப் படைக்கும் பொருந்தும். தூணில இருந்தது அவையின்ர பெயர்.

தொப்பியில் இல்லாத அந்தத் தூணடிக்கு ஜனவரி 1இல் சனம் போகுது. 2018இல், இருநூறாவது ஆண்டில், வந்தவை மேல கல்லெறிஞ்சினம். ஒரு உயிரும் போச்சு. அடுத்த வருசமும் லட்சக்கணக்கில வந்தவை.