உம்மாவுக்கு மூன்று பெயர்



உம்மாவைச் சென்னையிலிருந்து ஊருக்குக் கூட்டிக்கொண்டு வந்து இன்றோடு ஐந்து கிழமை. அல்ஹம்துலில்லாஹ், இப்போது வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து, ரோட்டால் போகிறவர்களை மறித்துக் கதை கேட்கிற அளவுக்குத் தேறிவிட்டார்.

"டீச்சர், விசா எப்படி எடுத்தீங்க? எவ்வளவு முடிஞ்ச? ஏஜென்ட் யாரு?" என்று இன்பொக்ஸிலும் பள்ளிக்கூட வாசலிலும் நிறையப் பேர் கேட்கிறீர்கள். போன கிழமை ஒரு பிள்ளையின் வாப்பா, ரிப்போர்ட் பைலோடு ஸ்டாப் ரூமுக்கே வந்துவிட்டார். ஆளுக்காள் சொல்வதை விட ஒருதரம் எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்தேன். நீளமாகத்தான் வரும். தேவையில்லாதவர்கள் கடந்து போகலாம், தேவைப்படுகிறவர்கள் சேவ் பண்ணி வையுங்கள்.

முதலில் ஒன்று. எல்லோரும் இந்தியாவுக்கு ஓடுங்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. இதய வால்வு மாற்றும் சத்திரசிகிச்சையை நம் நாட்டு அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாக, நல்லபடியாகவே செய்கிறார்கள். வரிசைதான் நீளம். உம்மாவுக்குச் சின்ன வயதில் வாதக் காய்ச்சல் வந்து, அது நெஞ்சிலே ஒரு வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருக்கிறது. மைட்ரல் வால்வு என்பார்கள். ஐம்பது வருடம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு இப்போது இளைப்பாக வெளிவந்தது. எங்களுக்குக் கிடைத்த திகதி அடுத்த வருடம். இரவில் படுக்க முடியாமல் மூன்று தலையணையில் சாய்ந்திருக்கிற உம்மாவைப் பார்த்துக்கொண்டு அடுத்த வருடம் வரைக்கும் இருக்க எனக்கும் தம்பிக்கும் மனது வரவில்லை. அவ்வளவுதான்.

பிழை விட்ட இடத்திலிருந்தே தொடங்குகிறேன். ஒருவர் வீட்டுக்கு வந்தார். வைத்தியசாலை, விசா, டிக்கெட், லொட்ஜ் எல்லாம் தன் பொறுப்பு என்றார். 40,000 ரூபா முற்பணம் கொடுத்தோம். மூன்று கிழமை "இண்டைக்கு வரும், நாளைக்கு வரும்" என்று போனது. கடைசியில் வட்ஸ்அப்பில் ஒரு கடிதம் வந்தது. அதில் இருந்த பெயர் உம்மாவின் பெயர்தான். ஆனால் கடவுச்சீட்டில் இருக்கிற பெயர் இல்லை.

உம்மாவுக்கு மூன்று பெயர் என்பது அன்றிரவுதான் எனக்கே தெரிந்தது. கிளினிக் கொப்பியில் இருப்பது எல்லோரும் கூப்பிடும் வீட்டுப் பெயர். அடையாள அட்டையில் மூத்தாப்பாவின் பெயருக்கு முதலெழுத்து மட்டும் போட்டு, பின்னால் உம்மாவின் பெயர். உம்றாவுக்கு எடுத்த கடவுச்சீட்டில் மூத்தாப்பாவின் பெயர் முழுசாக, அதுவும் குடும்பப் பெயர் என்ற இடத்தில். நமக்கு ஏது குடும்பப் பெயர்? போதாததற்கு எக்கோ ரிப்போர்ட்டில் 'எஸ்', கடவுச்சீட்டில் 'இசட்'.

நான் வகுப்பாசிரியை. பெயரில் ஒரு எழுத்துப் பிழைத்தால் பிள்ளையைத் திரும்ப எழுத வைக்கிறவள். ஆசிரியர் கலாசாலையில் முதல் வாரமே, பதிவேட்டில் பெயரைப் பிறப்புச் சான்றிதழைப் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்று சொல்லித் தந்தார்கள். பத்து வருடமாக உம்மாவின் கிளினிக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன். மேலட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாள் பார்க்கவில்லை.

ஏஜென்டைக் கைவிட்டோம். முற்பணமும் போனது. பிறகு நானும் எங்கள் ஐசிடி டீச்சரும் உட்கார்ந்து வைத்தியசாலைக்கு நேரடியாகவே மின்னஞ்சல் போட்டோம். வெளிநாட்டு நோயாளிகளுக்கென்று அங்கே தனிப் பிரிவே இருக்கிறது. மறுநாளே பதில் வந்தது. ரிப்போர்ட்டில் உள்ளவரும் கடவுச்சீட்டில் உள்ளவரும் ஒரே ஆள் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள், நியாயம்தானே. சமாதான நீதவான் ஒருவரிடம் சத்தியக் கடதாசி முடித்தோம். எக்கோவும் பழசு என்றதால் கடவுச்சீட்டைக் கையில் கொடுத்து அந்தப் பெயரிலேயே புதிதாக எடுத்தோம்.

கடவுச்சீட்டும் முடியும் தறுவாயில் இருந்தது. பயணத்துக்கு ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். புதுப்பிக்கப் போனால் உம்மாவின் கைவிரலை மெஷின் எடுக்கவில்லை. மருதமுனையில் கைத்தறியில் முப்பது வருடம் நூலோடு கிடந்த விரல்கள். ரேகையே தேய்ந்து போயிருக்கிறது. அங்கிருந்த தங்கச்சி ஈரத் துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தார். ஏழாவதோ எட்டாவதோ தரம் எடுத்தது. "என்ட கை எங்கயோ போயிட்டு மகள்" என்று உம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த அலைச்சலுக்குள்தான் ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு உம்மாவுக்கு மூச்சு எடுபடாமல் போனது. நுரையீரலில் தண்ணீர். நான்கு நாள் வார்ட்டில். ஏஜென்டோடு மினக்கெட்ட மூன்று கிழமையும் அந்த வார்ட் கட்டிலின் காலடியில் என் முன்னால் வந்து நின்றது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதவில்லை.

விசா விஷயம். இந்தியாவின் ஈ-மெடிக்கல் விசாவுக்கு வீட்டிலிருந்தே ஒன்லைனில் விண்ணப்பிக்கலாம். ஆனால் கவனம், அதே மாதிரித் தோற்றத்தில் தனியாருடைய தளங்கள் நிறைய இருக்கின்றன. அவை மேலதிகக் காசு பிடுங்கும். அரசாங்கத் தளத்தின் முகவரி 'கவ் டொட் இன்' என்றுதான் முடியும். கடவுச்சீட்டின் படப் பக்கம், வெள்ளைப் பின்னணியில் சதுரமான போட்டோ, வைத்தியசாலை தன் கடிதத் தலைப்பில் தந்த கடிதம், இவ்வளவும் வேண்டும். நோயாளியோடு இரண்டு பேர் துணைக்குப் போகலாம். அவர்களுக்குத் தனி விசா, அதில் நோயாளியின் விபரம் கேட்கும். அதனால் நோயாளிக்கு முதலில் போட்டுவிட்டு மற்றதைப் போடுங்கள். முதல் தரம் இறங்கிய நாளிலிருந்து 60 நாள், மூன்று தரம் போய் வரலாம். எங்களுக்கு நான்காம் நாள் வந்தது. அனுப்பு என்ற பொத்தானை அழுத்த முன் கடவுச்சீட்டு இலக்கத்தை ஒருவர் வாசிக்க மற்றவர் பாருங்கள். அனுப்பிய பிறகு திருத்த இடமில்லை, கட்டிய காசும் திரும்பாது. நாங்கள் மூன்று தரம் வாசித்தோம். ஐசிடி டீச்சர் "நீங்க ஓஎல் பேப்பர் திருத்துற மாதிரி இரிக்கி" என்றார்.

அரசாங்க உத்தியோகத்தர்களுக்கு ஒரு சொல்: வெளிநாட்டு விடுமுறைக்கான விண்ணப்பத்தை விசாவுக்கு முதலே தொடங்குங்கள். அது பல மேசை தாண்டிப் போக வேண்டிய கடதாசி. எனக்கு அனுமதி வந்தது பயணத்துக்கு முதல் நாள் பின்னேரம். அதிபர் தானே போய் எடுத்து வந்து தந்தார். அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்யட்டும்.

காசுக்கு வருகிறேன். வாப்பா விட்டுப்போன வயலை ஆறு போகத்துக்கு முன்குத்தகைக்குக் கொடுத்தோம். என் காப்பு இரண்டும் போனது. நான் இடர் கடன் எடுத்தேன், கத்தாரில் இருக்கும் தம்பி தன் பங்கை அனுப்பினான். அப்படியும் இடித்தது. நண்பர்கள் சிலர் ஒரு போஸ்ட் தயாரித்து அனுப்பினார்கள். உம்மாவின் போட்டோ, ரிப்போர்ட், வங்கி இலக்கம், மேலே சிவப்பு எழுத்து. நல்ல மனதோடுதான் செய்தார்கள். கேட்காமல் போடக் கூடாதே என்று உம்மாவிடம் காட்டினேன்.

கொஞ்ச நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சுனாமி அடிச்ச நேரம் நிவாரணத்துக்குக் கியூவில நிண்டன். உன்னையும் கையில புடிச்சிக்கிட்டு. ஒருக்கா நிண்டது காணும் மகள். என்ட மூஞ்சிய ஊரு முழுக்க அனுப்பாத."

எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஜனவரி வெயில், ஒரு பாய், இரண்டு போர்வை, ஒரு வாளி. வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றவர் உம்மாவோடு ஒரே தறியில் வேலை செய்தவர். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரியே நின்றார்கள்.

போஸ்ட்டை நிறுத்தினேன். ஆனால் செய்தி எப்படியோ பரவியது. மஃரிபுக்குப் பிறகு ஆட்கள் வந்தார்கள். என்வலப்பை மேசை விரிப்புக்குக் கீழே வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். பெயர் எழுதாத என்வலப்கள் ஒன்பது. அவர்களில் சிலர் இதை வாசிப்பீர்கள். ஜஸாகுமுல்லாஹு ஹைரா. அந்தப் பிள்ளைகள் போட்ட போஸ்ட்டையும் நான் குறை சொல்லவில்லை, வேறு வழியே இல்லாத குடும்பங்கள் இருக்கின்றன. நோயாளியிடம் ஒருதரம் கேளுங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

காசை ஏஜென்ட் கையில் கொடுக்காதீர்கள். வைத்தியசாலை தந்த மதிப்பீட்டுக் கடிதத்தைக் காட்டினோம், வங்கி நேரே வைத்தியசாலைக் கணக்குக்கே அனுப்பியது. மதிப்பீட்டை விடக் கொஞ்சம் கூடவே கையில் வையுங்கள். உம்மா தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு நாள் கூட இருந்ததில் எங்களுக்குப் பில் கூடியது.

கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்கு ஒன்றரை மணித்தியாலம்கூட இல்லை. எங்கள் ஊரிலிருந்து கட்டுநாயக்கவுக்குப் போனதுதான் பெரிய பயணம். டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டு வையுங்கள். தம்பி தோஹாவிலிருந்து எங்களுக்கு முன்னரே வந்து சென்னையில் நின்றான்.

அங்கே முதல் அடி லொட்ஜில். பேசி வைத்திருந்த இடத்தில் கடவுச்சீட்டைப் பார்த்ததும் "பாரினர்ஸ் எடுக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டார்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணித்தியாலத்துக்குள் 'சி' படிவம் அனுப்ப வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். அந்த வசதி இல்லாத இடங்கள் எடுக்காது. இரவு ஒன்பது மணிக்கு ஆட்டோவுக்குள் உம்மா கண்ணை மூடி ஸலவாத் சொல்லிக்கொண்டிருக்க, தம்பி மூன்று வாசல் ஏறி இறங்கினான். முன்கூட்டியே போன் எடுத்து "இலங்கைக் கடவுச்சீட்டு, சி படிவம் போடுவீங்களா" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது அடி பல்லில். வால்வு மாற்ற முன் பல் டொக்டரிடம் அனுப்புவார்களாம். பல்லில் கிருமி இருந்தால் அது புது வால்வில் போய்க் குந்திவிடும். உம்மாவுக்கு இரண்டு சொத்தைப் பல். பிடுங்கி, புண் ஆறும் வரை ஒரு கிழமை லொட்ஜில் வாடகை. இதை ஊரிலேயே முடித்திருக்கலாம். வால்வு வருத்தம் என்று பல் டொக்டரிடம் கட்டாயம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், தேவைப்பட்டால் அதற்கு முன்கூட்டி மருந்து தருவார்கள்.

வருத்தம் என்றதும் ஞாபகம் வருகிறது. உம்மா நேர்ஸிடம், "எனக்குச் சின்னதில இருந்தே நெஞ்சில வருத்தம் மகள்" என்றார். அந்தப் பிள்ளை உம்மாவின் கையைப் பிடித்து, "வருத்தப்படாதீங்கம்மா, எல்லாம் சரியாயிடும்" என்றது. இரண்டு பேரும் தமிழ்தான். நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன்.

பிறகு வால்வு எது என்ற கேள்வி. உலோக வால்வு நீண்ட காலம் உழைக்கும், ஆனால் இரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க வார்ஃபரின் குளிசை. திசு வால்வு வயதானவர்களுக்குப் பொருத்தம் என்றார் டொக்டர். அது மிருகத்திலிருந்து எடுப்பது, பன்றியிலும் இருக்கிறது, மாட்டிலும் இருக்கிறது. கேட்க வெட்கப்படாதீர்கள், அவர்களுக்கு இது புதிய கேள்வி இல்லை. ஊரில் மௌலவியிடம் போகமுன்னே கேட்டிருந்தோம். வேறு வழி இல்லாத இடத்தில் உயிரைக் காப்பதுதான் முதல் என்றார். மாட்டின் இதயத்தைச் சுற்றியிருக்கும் சவ்வில் செய்தது இருக்கிறதென்று டொக்டர் சொன்னதும் உம்மாவிடம் சொன்னேன். "மாடா? நல்லம். எத்தின ஹஜ்ஜிப் பெருநாளைக்கு அதத் திண்டிரிக்கன், இனி அது என்னத் தாங்கட்டும்."

சத்திரசிகிச்சை நாள் காலையில் கையில் கட்டிய பட்டியில் பெயர் இருந்தது. கடவுச்சீட்டுப் பெயர், இசட்டோடு, முழுசாக. கதவு வரைக்கும் கூடப் போனேன். பச்சை உடுப்புப் போட்ட ஒருவர் பட்டியைப் பார்த்துப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மூத்தாப்பாவின் பெயரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டதில்லையே, உம்மா திரும்பவில்லை. நான் குனிந்து, "உம்மா, உங்களத்தான்" என்றேன். "ஓ, நான்தான் அது" என்றார். கதவு மூடியது. ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் கழித்துத்தான் திறந்தது.

உம்மாவுக்கு நெஞ்சுத் துடிப்பும் ஒழுங்கில்லாததால் எப்படியும் வார்ஃபரின் குளிசை விழுகிறது. ஐஎன்ஆர் என்கிற இரத்தப் பரிசோதனை தொடர்ந்து செய்ய வேண்டும். நாளைக்குக் காலையிலும் இருக்கிறது. ஆகவே வெள்ளனப் படுக்க வேண்டும்.

மின்னஞ்சலில் என்ன எழுதினோம், சத்தியக் கடதாசி எப்படி இருந்தது என்று பார்க்க விரும்புகிறவர்கள் அஸருக்குப் பிறகு வீட்டுக்கு வாருங்கள், போட்டோகொப்பி எடுத்து வைத்திருக்கிறேன். வரும்போது நோயாளியின் கிளினிக் கொப்பியையும் கடவுச்சீட்டையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள். முதலில் பெயரைப் பார்ப்போம்.

உம்மாவுக்காக துஆ செய்யுங்கள்.