பெட்டிக்குள் என்ன இருந்தால் நமக்கென்ன?

நாலு எழுத்து, ஏழு இலக்கம். ஒரு கன்டெய்னரின் அடையாளம் அவ்வளவுதான். திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு யார்டில் அதைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. உள்ளே சட்டையா, கார் உதிரிபாகமா என்பது எனக்கு வேண்டாத விஷயம். எண்ணூர் விரைவுச் சாலையில் ராத்திரியெல்லாம் வரிசையில் கிடக்கும் டிரைலர் டிரைவருக்கும் அப்படித்தான். (பில்லைப் பார்த்தால் தெரியும். யார் பார்க்கிறார்கள்?)

1983இல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்தது. அதற்குமுன் ஆட்கள் மூட்டை சுமந்தார்கள். மிளகாயா, சிமென்டா என்று மூக்கே சொல்லிவிடும். அதைப் பொற்காலம் என்று நான் பாடமாட்டேன். முதுகு போன பெரியவர்கள் ராயபுரத்தில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.

உழைப்பவன் தான் செய்த பொருளுக்கே அந்நியனாகிறான் என்று 1844இல் எழுதினார் மார்க்ஸ். எங்களுக்குப் பொருளே கண்ணில் படுவதில்லை.

இதே திருவொற்றியூரில் 1956இல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை தொடங்கியது. புல்லட் டாங்கின் மேல் ஓடும் அந்த மெல்லிய கோட்டைத் தூரிகை பிடித்துக் கையாலேயே இழுத்த கலைஞர்கள் அங்கே உண்டு. ரோட்டில் போகும் வண்டியைக் காட்டி, 'இது நான் போட்ட கோடு' என்று அவர்களால் சொல்ல முடியும். எனக்குப் பொறாமைதான். ஆனால் அதே ஆலையில் நாளெல்லாம் நட்டு முடுக்கியவருக்கு அந்தப் பெருமை கிடைத்திருக்குமா? சந்தேகம்தான்.

1923இல் தொழிற்சங்க முன்னோடி சிங்காரவேலர் இதே சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். கூலிக்கும் வேலை நேரத்துக்கும் சங்கம் வந்தது, வழக்கும் நடந்தது. 'இந்த வேலை எதுக்கு?' என்பதை எந்தச் சங்கத்தில் மனுவாகக் கொடுப்பது?

ஹார்பரில் மூட்டை தூக்கிய அப்பாவோ தாத்தாவோ வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். கூலியைத் தவிர வேறு எதைப் பற்றிப் பேசினார்கள் என்று எனக்கும் சொல்லுங்கள்.