நீலம் ஏறாதவை

செருப்பைக் கழற்றிவிட்டுக் காலுக்கு உறை மாட்டிக்கொண்டு ஆய்வகத்துக்குள் போனேன். மூலையில் ஒரு சுழல் நாற்காலி. "இங்க உக்காந்துக்குங்க சார். எதையும் தொட்டுடாதீங்க." தொடவில்லை. பேசவும் இல்லை.

அப்படிச் சொன்ன பெண்ணுக்கு முப்பது வயது இருக்கலாம். கண்ணாடிக் கூண்டுக்குள் கை நீட்டுமுன் ஒவ்வொரு தடவையும் கையுறை மேல் ஸ்பிரிட்டைப் பீய்ச்சிக்கொள்கிறார். கோயில் படியேறுமுன் கால் அலம்புகிறவர்களின் அதே பழக்கம். மனம் வேறெங்கோ இருக்கிறது, கை தானாகச் செய்கிறது.

முதலில் ஒரு துளிச் செல். யாரோ ஒருவருடைய ரத்தத்திலிருந்து பிரித்த ஸ்டெம் செல்கள்; குழாயில் பெயர் இல்லை, எண்தான். அதில் நீலச் சாயம் ஒரு துளி சேர்த்து, கட்டம் போட்ட கண்ணாடியில் விட்டு, நுண்ணோக்கியில் குனிந்தார். பக்கத்துத் திரையில் எனக்கும் தெரிந்தது. செத்த செல்கள் நீலம் குடித்து மங்கிக் கிடந்தன. உயிரோடு இருப்பவை சாயத்தைத் தீண்டாமல், மழை நின்ற பிறகு வாழையிலையில் தங்கிய துளி மாதிரி மினுங்கின. செத்தது எவரையும் உள்ளே விடும். உயிருள்ளது விடாது. இன்று அதற்குள்தான் ஆள் அனுப்ப வேண்டும்.

அந்த ஆள் ஐஸ் டப்பாவில் இருந்தது. கேஸ்9 என்கிற நொதி. தொண்டைப்புண்ணை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா, தன்னைத் தாக்கும் வைரஸை நறுக்க வைத்திருந்த கத்தி. ஜெனிபர் டவுட்னாவும் இம்மானுவேல் ஷார்பென்டியரும் 2012இல் அதை வேண்டிய இடத்தில் வெட்டப் பழக்கினார்கள், 2020இல் நோபல். 1,368 அமினோ அமிலங்கள் கோத்த பெரிய உருப்படி. அற்பச் சாய மூலக்கூறையே வாசலில் நிறுத்துகிற செல், அதைவிட நூறு மடங்குக்கும் மேல் கனமான இதையா வரவேற்கும்?

வழிகாட்டி ஆர்என்ஏவை நொதியோடு கலந்தார். இருபது எழுத்து முகவரி. அது பொருந்துகிற இடத்தில்தான் கத்தி இறங்கும். இரண்டும் ஒட்டிக்கொள்ளப் பத்து நிமிடம். அதுவரை ஒரு காலை மறுகால் மேல் வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

"அக்கா, ஸ்பின் போடட்டுமா?" குழாய்களைச் சுழற்றும் கருவியருகே இளைய மாணவன்.

"பேலன்ஸ் வெச்சியா?"

"வெச்சுட்டேன்க்கா."

வெட்டப்போகும் இடம் பிசிஎல்11ஏ என்ற மரபணுவின் ஒரு சுவிட்ச். பிறந்த பிறகு, கருவிலிருந்தபோது ஓடிய ஹீமோகுளோபினை அடைத்துவைப்பது அந்த மரபணு. ரத்தம் உருவாகும் செல்லில் அதன் சுவிட்சைக் கெடுத்துவிட்டால் பழைய ஊற்று மறுபடி திறக்கும். அரிவாள் செல் நோய்க்கு இது ஒரு வழி. அந்த நோயில் கோணிய ஹீமோகுளோபினை நிமிர்த்துவதில்லை. பக்கத்தில் நல்லதை ஓடவிடுகிறார்கள். இப்படித் திருத்திய செல்களைத் திருப்பி ஏற்றும் மருத்துவத்துக்கு 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதி தந்தது, டிசம்பரில் அமெரிக்கா. அமெரிக்காவில் அப்போது வைத்த விலை 22 லட்சம் டாலர். நம் பணத்தில் அன்றைக்கே பதினெட்டுக் கோடியைத் தாண்டியது. இந்தியாவில் இந்த நோயின் கூறு இருப்பதை லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் 1952இல் முதலில் எழுதியது நீலகிரிப் பழங்குடிகளைப் பற்றித்தான். அந்த மலைக்கும் இந்த விலைக்கும் நடுவே எத்தனை கொண்டை ஊசி வளைவு என்று எண்ணிப் பார்த்துவிட்டு, மறுபடி அவர் கையைப் பார்த்தேன்.

செல்லும் நொதியும் கலந்த இருபது மைக்ரோலிட்டர், ஒரு நீர்ச்சொட்டில் பாதிகூட இராது, குட்டிக் கிண்ணத்தில் இறங்கியது. பழைய ரேடியோப் பெட்டி அளவில் ஒரு கருவி. பொத்தானை அழுத்தினார். பொறி பறக்கும் என்று ஒரு கணம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒன்றுமில்லை. சத்தம்கூட இல்லை. மின்சாரம் சில மில்லி விநாடிகள் பாய்ந்து, செல்லின் கொழுப்புத் தோலில் ஓட்டை விழுந்து, நொதி நுழைந்து, ஓட்டை மூடிக்கொண்டிருக்க வேண்டும். திரையில் பச்சை அடையாளம் மட்டும்.

"இப்பக் கை வெக்காதே. சும்மா இருக்கட்டும்." பிரசவம் நடந்த வீட்டுக் குரல்.

நொதியைச் செய்யும் குறிப்பை மட்டும் உள்ளே அனுப்பினாலும் செல் அதைச் செய்துகொள்ளும். நாள் கணக்கில் செய்துகொண்டே இருக்கும். தச்சரை வீட்டோடு குடிவைத்த கதை: கதவு முடிந்த பிறகும் சும்மா இருக்காமல் எதையாவது அறுப்பார். நொதியாகவே அனுப்பினால் தினக்கூலி. வந்ததும் வேலையைத் தொடங்கி, ஏறக்குறைய ஒரு நாளில் செல்லாலேயே சிதைக்கப்பட்டுவிடும். கொரிய ஆய்வாளர்கள் 2014இல் இதைக் காட்டினார்கள். உண்ட வீட்டில் தங்காத விருந்தாளி. எனக்கு அதன்மேல் தனி மரியாதை வந்துவிட்டது.

வெதுவெதுப்பான ஊட்டநீரைச் சுவரோரமாக வழியவிட்டு, தட்டை 37 டிகிரிப் பெட்டியில் வைத்துத் தேதி எழுதினார். கையுறையைக் கழற்றினார். விரல்நுனிகள் ஊறிச் சுருங்கியிருந்தன. தயிர்சாத டப்பாவோடு வெளியே போனார்.

மறுநாள் காலையும் போனேன். அதே நாற்காலி. மறுபடி ஒரு துளிச் செல், ஒரு துளி நீலம். இடது கையில் ஓர் எண்ணும் கருவி, வலது கையில் ஒன்று. நீலத்துக்கு இடது. வலது கை விடாமல் டிக் டிக் என்றது. இடது கை எப்போதாவது.

"எப்படிக்கா?" என்றான் மாணவன். வெட்டு விழுந்ததா என்று தெரிய இன்னும் இரண்டு நாள் ஆகும், அவனுக்கும் தெரியும். அவர் பதில் சொல்லவில்லை. எண்ணும்போது பேசினால் கணக்குத் தப்பிவிடும்.