‘நான் நல்லா இருக்கேன்’ என்பதைத் தாண்டி... விண்வெளிக்குச் சென்ற ஒரு குரல்!

வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகனுக்கு அம்மா போன் செய்கிறார். ‘சாப்பிட்டியாப்பா?’ என்கிறார். ‘சாப்பிட்டேம்மா... நீங்க?’ என்கிறான் மகன். இரண்டு நாளாகக் காய்ச்சல் என்பதை அம்மா சொல்ல மாட்டார். இரண்டு மாதமாகச் சம்பளம் வரவில்லை என்பதை மகன் சொல்ல மாட்டான். ‘நான் நல்லா இருக்கேன்’ என்று இருவரும் சொல்லிவிட்டு போனை வைப்பார்கள். பாசம் அதிகமாக இருக்கும் இடத்தில்தான் இப்படி மறைப்பதும் அதிகம்.

பூமிக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டர் உயரத்திலும் ஒரு குடும்பம் இப்படித்தான் பேசிக்கொண்டது.

1991 மே 18. சோவியத் யூனியனின் செர்கேய் கிரிகலேவ், ‘மிர்’ விண்வெளி நிலையத்துக்குப் புறப்பட்டார். லெனின்கிராடில் பிறந்தவர், பொறியாளர். வீட்டில் மனைவி எலெனாவும் ஒரு கைக்குழந்தையும். ஐந்து மாதங்களில் திரும்பிவிடலாம் என்பதுதான் திட்டம்.

ஆனால், கீழே நாடே ஆட்டம் கண்டது. ஆகஸ்ட்டில் மாஸ்கோ வீதிகளில் ராணுவ டாங்கிகள். செப்டம்பரில் அவருடைய ஊரின் பெயர் மாறி, மீண்டும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆனது. பணத் தட்டுப்பாட்டால் இரண்டு விண்வெளிப் பயணங்களை ஒன்றாகச் சுருக்கினார்கள். கிரிகலேவுக்குப் பதிலாக அங்கே தங்க வேண்டியவருக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. ‘இன்னும் சில மாதங்கள் இருக்க முடியுமா?’ என்று கேட்டார்கள். சம்மதித்தார். டிசம்பர் 26-ம் தேதி, அவரை அனுப்பிவைத்த நாடே உலக வரைபடத்தில் இல்லை.

‘விண்வெளியில் மறந்துபோன மனிதர்’ என்று அவரைப் பற்றி இன்றும் எழுதுகிறார்கள். அது சரியல்ல. பூமிக்குத் திரும்புவதற்கான சோயுஸ் கலம் நிலையத்தில் இணைந்தே இருந்தது. அக்டோபர் முதல் அலெக்ஸாண்டர் வோல்கோவும் உடன் இருந்தார். தரைக்கட்டுப்பாட்டு மையத்தோடு பேச்சும் நிற்கவில்லை. சொல்லப்போனால், எலெனா வேலை பார்த்ததே அந்த மையத்தில்தான்.

குறை அதில் இல்லை. மையத்திலிருந்து வந்த பேச்சு பெரும்பாலும் வேலையைப் பற்றியது. மனைவியின் பேச்சோ, அந்த அம்மா மகன் போன்காலைப் போலத்தான். அவர் மனம் வருந்தும் எதையும் பேசாமல் தவிர்த்ததாகவும், அவரும் அதையேதான் செய்திருப்பார் என்றும் எலெனா பின்னாளில் சொல்லியிருக்கிறார். விலைவாசி தாறுமாறாக ஏறிய நேரம் அது. அவர் சம்பளத்தின் மதிப்பு கரைந்துகொண்டிருந்தது. இதையெல்லாம் மேலே இருப்பவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அப்படியானால், உள்ளதை உள்ளபடி யார் சொல்வார்கள்? அதற்குத்தான் ஒரு சின்ன ரேடியோ உதவியது.

பொழுதுபோக்காக வயர்லெஸ்ஸில் உலகம் முழுக்கப் பேசுபவர்களை ‘ஹாம்’ என்பார்கள். ஒவ்வொருவருக்கும் அரசு தரும் அழைப்புக்குறி உண்டு. 1983-ல் ஓவன் கேரியட் என்ற அமெரிக்க விண்வெளி வீரர், கொலம்பியா விண்கலத்தில் கையடக்க ரேடியோ ஒன்றை எடுத்துச்சென்று, ஜன்னலில் ஆன்டெனா வைத்துப் பேசினார். விண்வெளியிலிருந்து நடந்த முதல் ஹாம் உரையாடல்கள் அவைதாம். அவரோடு பேசியவர்களில் ஜோர்டான் மன்னர் ஹுசைனும் உண்டு. 1988-ல் மிர் நிலையத்துக்கும் ஹாம் ரேடியோ வந்தது. கிரிகலேவின் அழைப்புக்குறி, யு5எம்ஐஆர்.

இந்த ரேடியோ அலைகள் நேர்கோட்டில் செல்பவை. நிலையம் தொடுவானத்துக்கு மேலே எழுந்தால் கேட்கும். மறுபக்கம் இறங்கினால் நின்றுவிடும். ஒன்றரை மணி நேரத்தில் பூமியைச் சுற்றிவிடும் நிலையம், ஓர் ஊரின் வானத்தைக் கடக்க எடுத்துக்கொள்வது அதிகபட்சம் பத்து நிமிடங்கள். நெருங்கும்போது அலைவரிசை சற்றே கூடும், விலகும்போது குறையும். ரயில் நம்மைக் கடக்கையில் ஹாரன் சத்தம் மாறுவதைப் போல. அதற்கேற்ப ரேடியோவைத் திருப்பிக்கொண்டே பேச வேண்டும்.

அந்தச் சில நிமிடங்களை, ஆஸ்திரேலியாவில் இருந்த ஒரு பெண் தவறவிடவே இல்லை. பல மாதங்கள், ஏறக்குறைய தினமும் கிரிகலேவோடு தொடர்பில் இருந்தார். குரல் மட்டுமல்ல... கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்ததை ரேடியோ அலையாக அனுப்பும் முறையையும் பயன்படுத்தினார். அதற்கென ஒரு தகவல் பலகையையே அமைத்தார். ஓய்வு கிடைக்கும்போது விண்வெளி வீரர்கள் அதைப் படிக்கலாம். சோவியத் யூனியனில் என்ன நடக்கிறது என்று மேற்கத்திய ஊடகங்கள் சொன்ன செய்திகள், தணிக்கை இல்லாமல் அப்படியே மேலே போயின. சொந்த வாழ்க்கை பற்றியும் இருவரும் பேசிக்கொண்டார்கள்.

அந்நியர் என்பதுதான் இங்கே அவருக்கு இருந்த பலம். மறைக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. இவருக்கும், ‘நான் தைரியமாக இருக்கிறேன்’ என்று காட்டிக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. ரயிலில் எதிர் சீட்டில் இருப்பவரிடம், வீட்டில் சொல்லாத விஷயத்தைச் சொல்லிவிடுகிறோம் இல்லையா? அப்படி ஒரு எதிர் சீட்டு இது. தினமும் பத்து நிமிடம், வானத்தின் குறுக்கே.

1992 மார்ச் 25. 311 நாள்கள் கழித்து கிரிகலேவ் கஜகஸ்தானில் தரையிறங்கினார். புறப்பட்டபோது அந்த மண் அவருடைய நாடு. இறங்கியபோது வேறு நாடு. உடன் வந்த வோல்கோவ் பிறந்த உக்ரைனும் தனி நாடாகியிருந்தது. அதிர்ச்சிதான். ஆனால், புதிய செய்தியல்ல.

2000 நவம்பரில், சர்வதேச விண்வெளி நிலையத்தில் முதன்முதலாகத் தங்கிய மூவரில் கிரிகலேவும் ஒருவர். அதே ஆண்டு டிசம்பரிலேயே அங்கிருந்து ஹாம் ரேடியோ மூலம் ஓர் அமெரிக்கப் பள்ளியோடு பேச ஆரம்பித்துவிட்டார்கள். 2025 ஜூலையில் நம் சுபான்ஷு சுக்லாவும் இதே வழியில் பெங்களூருவில் இருந்த மாணவர்களோடு பேசினார்.

திருப்பிப் பேசத்தான் தேர்வு எழுதி அரசு உரிமம் பெற வேண்டும். நிலையத்திலிருந்து வரும் குரலுக்கான அலைவரிசை 145.800 மெகாஹெர்ட்ஸ். நிலையம் எப்போது உங்கள் ஊருக்கு மேலே வரும் என்பதை மொபைல் ஆப்களே சொல்லிவிடுகின்றன. பல நாள்கள் வெறும் இரைச்சல்தான் கேட்கும். அங்கே யாராவது நேரம் ஒதுக்கி மைக்கைக் கையில் எடுத்தால்தான் குரல் வரும். வேலை நேரம் போக, கிடைக்கும் சொந்த நேரத்திலும் சிலர் அதை எடுக்கிறார்கள். ‘யாராவது இருக்கிறீர்களா?’ என்று பொதுவாக அழைக்கிறார்கள், பதிலுக்குக் காத்திருக்கிறார்கள்.