மூன்று இலைகளின் கணக்கு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் வலை ஓய்ந்திருக்கும், பட்டறை ஓயாது. மே மாதக் கடைசியில் நாகப்பட்டினத்தை ஒட்டிய அக்கரைப்பேட்டைக்குப் போயிருந்தேன். தகரக் கூரையின் கீழே, கடலைப் பார்க்காத இடத்தில், மூன்று இலைப் புரொப்பல்லர் ஒன்றை மேடைமேல் கிடத்தியிருந்தார்கள்.

மேஸ்திரி சிறு சுத்தியால் ஒவ்வோர் இலையாகத் தட்டிக் காதுகொடுத்தார். மணிபோல ஒலி நீண்டால் உலோகம் நலம். மொத்தென்று விழுந்தால் விரிசல் இருக்கலாம். உப்புநீர் துத்தநாகத்தைத் தின்றிருக்கலாம். தின்ற இடத்தைச் சுரண்டினால் மஞ்சள் போய்ச் செம்புநிறம் தெரியும். “வெண்கலம்னு பேருதான் சார். பாதிக்கு மேல செம்பு, மிச்சத்துல பெரும்பங்கு துத்தநாகம். பித்தளைக்குச் சொந்தக்காரன் இவன்.”

நடுக் குடத்தில் 36, 24 என்று பொறித்திருந்தது. முதலாவது விட்டம். இரண்டாவது பிட்ச்: வழுக்காமல் ஒரு சுற்றுச் சுற்றினால் எத்தனை அங்குலம் முன்னேறும் என்ற கணக்கு. ஒரே ஆரத்தில் 30 பாகை நகர்ந்தால் இலை எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து 12-ஆல் பெருக்கினால் அது வந்துவிடும். இரண்டு இலைகளில் இரண்டு அங்குலம் இறங்கியது, மூன்றாவதில் ஒன்றேமுக்கால்தான். எதிலோ மோதி அந்த இலையின் பிட்ச் 21 ஆகிவிட்டது. மூன்றும் ஒன்றுபோலத் தண்ணீரைத் தள்ளாவிட்டால் படகு அதிரும், சாஃப்ட் புஷ் தேயும், டீசல் வீணாகும்.

கேஸ் தீயில் இலையைப் பரவலாகச் சூடேற்றி, வளைவுக்கேற்ற அச்சில் வைத்து அடித்தார்கள். பிய்ந்த ஓரத்தைப் பற்றவைத்த பிறகு மறுபடியும் சூடாக்கி, மெதுவாக ஆற விட்டார்கள். “அவசரப்பட்டா உள்ள இறுக்கம் நின்னுடும். ஒருநாள் கடல்ல போய் வெடிக்கும்.” இலையின் முன்பக்கத்தில் அம்மைத் தழும்புபோலக் குழிகள். வேகமாகச் சுழலும்போது அங்கே அழுத்தம் குறைந்து, சூடே இல்லாமல் தண்ணீர் கொதித்துக் குமிழியாகிறது. அந்தக் குமிழி நொறுங்கும் அடிதான் உலோகத்தைக் கொத்துகிறது. அவற்றையும் நிரப்பி, தேய்த்து வழவழப்பாக்கினார்கள்.

படகுக்காரர் வந்தார். இளைஞர். “பிட்சை ரெண்டு இன்ச் கூட்டிக் குடுங்கண்ணே, வேகமாப் போகட்டும்.”

“வெறும் படகா ஓடினாச் சரி தம்பி. நீ வலை இழுக்கணுமே. பிட்ச் கூடினா இன்ஜின் சுத்து ஏறாது, கரும்புகைதான் தள்ளும்.”

வந்த வேலையைச் சொன்னபடி செய்து மேஸ்திரி காசு வாங்கியிருக்கலாம். படகு பார்க்கப்போகும் வேலையை மனத்தில் வைத்து மறுத்தார். புரொப்பல்லரின் திறன் வேகத்தில் மட்டும் இல்லை, இன்ஜினோடும் வலையோடும் பொருந்துவதில் இருக்கிறது என்று எனக்கு அங்கேதான் புரிந்தது.

கடைசி வேலை சமன் பார்ப்பது. தண்டில் கோத்து, கூரிய விளிம்புள்ள இரண்டு இரும்புச் சட்டங்களின்மேல் வைத்தார்கள். கனத்த இலை தானாகக் கீழே இறங்கும். அதன் முன்பக்கத்தில் கொஞ்சம் தேய்ப்பார்கள், மறுபடி வைப்பார்கள். ஏழெட்டு முறை நடந்தது. பிறகு மேஸ்திரி ஒதுங்கிக்கொண்டு, “நீயே பாரு தம்பி” என்றார்.

இளைஞர் இலையைத் திருப்பிவிட்டுக் கையெடுத்தார். நின்றது. இன்னொரு பக்கம் திருப்பினார். அங்கும் நின்றது. மூன்றாம் முறைக்குப் பிறகு, “24-லேயே இருக்கட்டும்ணே” என்றார்.